லாபம், ரெண்டு, மூணு

இது நடந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் கதை சொல்லிச் சோறு தின்கிறவன். நாகர்கோவிலுக்கு வரும் வெளியூர்க்காரர்களைக் கோட்டாறு பழைய கடைத்தெருவுக்குள் நடத்திக் கூட்டிப்போவேன். கால் வலிக்கிறது என்றால் என் சிநேகிதன் ததேயுஸின் ஆட்டோவில் ஏற்றி வட்டக்கோட்டை வரை காட்டிக் கொண்டுவருவேன். வட்டக்கோட்டைச் சுவருக்குப் பின்னால் ஒரு பெண் அழும் சத்தம் கேட்கும் என்று சொல்வேன். அந்தப் பெண் நான் உண்டாக்கியவள். டீக்கடையில் பழம்பொரி தின்றுகொண்டே உண்டாக்கினேன். இப்போது மற்றவர்களும் அவளைப் பற்றிச் சொல்கிறார்கள். ஒருவர் நேரிலேயே பார்த்தாராம். என்னிடமே வந்து சொன்னார், நான் என்ன செய்ய?

அதனால் இந்த வினோஜ் பேய்க்கதை சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் இதில் நான் ஒரு சொல்லைக்கூடச் சேர்க்கவில்லை. சேர்க்க முடிந்தால் கடைசியில் ஒரு நல்ல முடிவைச் சேர்த்திருப்பேன்.

மூன்றரை வருஷம் முன்னால், ஐப்பசி மாதம். என் மனைவி அஸ்வதி கோட்டாறு பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். எங்களுக்கு அதற்கு முன் இரண்டு தடவை கரு தங்கவில்லை. இது மூன்றாவது. எட்டாம் மாதம். கொஞ்சம் ரத்தம் பட்டதும் டாக்டர் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவள் அப்பா தங்கப்பன் மாமா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நானும் உட்கார்ந்திருந்தேன். அன்று காலையில் அவள் என்னைத் துரத்திவிட்டாள்.

"எனக்க மொகத்தயே பாத்துட்டு இருக்காதீங்க. பயமா இருக்கு. வேலைக்குப் போங்க."

வாசல் வரை போனபிறகு கூப்பிட்டாள்.

"இதும் போச்சுன்னா... நான் வீட்டுக்கு வரமாட்டேன், கேட்டீங்களா."

விளையாட்டுக்குச் சொன்னதல்ல. எனக்கு அவளைத் தெரியும்.

அன்று எனக்குக் கிடைத்தவர்கள் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி. மதியம் மூன்று மணிக்குச் சவேரியார் கோயில் முன்னால் சந்தித்தோம். அங்கிருந்து கடைத்தெருவுக்குள் நடந்தோம். கோட்டாறு கடைத்தெருவைக் கம்போளம் என்போம். கொப்பரை, கயிறு, கருப்பட்டி, சுக்கு, புளி. ஒரு பக்கம் ஓட்டுக்கூரைக் கடை, அதை ஒட்டி மொபைல் கடை. சுமட்டுக்காரர்கள் சத்தம் போட்டால் ஒதுங்கிவிட வேண்டும், இல்லையென்றால் மூட்டை நம் மேல் வந்து இடிக்கும். கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எந்தக் கடைக்கு முன்னால் நிற்கிறோம் என்று மூக்கு சொல்லும் என்பேன். கோயம்புத்தூர்க்காரர் உண்மையாகவே கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். நல்லமிளகுக் கடையைச் சரியாகச் சொன்னார். கருவாட்டுக் கடையைச் சொல்ல யாருக்கும் மூக்கு தேவையில்லை.

ராஜையன் அண்ணாச்சியின் அரிசிக்கடை அந்தத் தெருவின் நடுவில் இருக்கிறது. இப்போது எல்லாக் கடையிலும் மின்தராசுதான், எல்லாம் கிலோதான். அண்ணாச்சி மட்டும் பழைய ஆட்களுக்கு இன்னும் இரும்புப்படியால் அளந்து போடுவார். அதைக் காட்டத்தான் நான் ஆட்களை அங்கே கொண்டுபோவேன். அவர் அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்லமாட்டார்.

"லாபம்..." என்று இழுத்துப் பையில் கொட்டினார். "ரெண்டு... மூணு..."

வியாபாரத்தை லாபத்தில் தொடங்க வேண்டும் என்பது வழக்கம். இது தமிழ்நாட்டில் பல இடத்தில் உண்டு. எங்கள் கம்போளத்தில் அதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. சாவு வீட்டுக்கு அரிசி அளக்கும்போது லாபம் என்று சொல்லக் கூடாது. அப்போது மட்டும் ஒண்ணு என்று தொடங்குவார்கள். ஒண்ணு என்று அளந்த அரிசியை வேறு வீட்டுக்குக் கொடுக்கவும் மாட்டார்கள்.

நான் இதைச் சொன்னதும் கோயம்புத்தூர்க்காரருக்குக் குஷி வந்துவிட்டது. போனை எடுத்து வீடியோவைப் போட்டார். "ஐயா, ஒரு தடவை அந்த மாதிரி ஒண்ணுன்னு அளந்து காட்டுங்களேன்" என்றார்.

அண்ணாச்சி படியைக் கவிழ்த்து அரிசி மேல் வைத்தார்.

"அதெல்லாம் வெளயாட்டுக்குச் சொல்லப்பட்ட காரியம் இல்ல, சார். ஒண்ணுன்னு அளந்தா அந்த அரிசி ஒரு வீட்டுக்குப் போய்ச் சேரணும். ஆருக்க வீட்டுக்குப் போவச் சொல்லுதீரு?"

கோயம்புத்தூர்க்காரர் போனைப் பைக்குள் போட்டுவிட்டார். நான் ஒரு ஜோக் அடித்துச் சமாளித்தேன். அண்ணாச்சி சிரிக்கவில்லை. வெளியே வரும்போது என்னை மட்டும் நிறுத்தினார்.

"அஸ்வதிப் பிள்ளைக்கு எப்பிடி இருக்கு?"

"கெடக்கா அண்ணாச்சி. இன்னும் ஒரு மாசம் தாண்டணும்."

"தாண்டும். மழை வருது. வெளிச்சத்தோட வீடு போய்ச் சேரு."

மழை வந்தது. ஐந்தரை மணிக்கெல்லாம் வானம் கறுத்து இறங்கியது. கோயம்புத்தூர்க்காரர்கள் இருவரையும் லாட்ஜில் விட ததேயுஸ் கூட்டிக்கொண்டு போனான். நான் ஒரு கடையின் தகரக் கூரைக்குக் கீழே நின்றேன். அரை மணிநேரத்தில் முழங்கால் அளவு வெள்ளம். கரண்ட் போனது. ஒவ்வொரு கடையாக ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. கடைசியில் அண்ணாச்சி கடை ஷட்டரும் இறங்கியது.

அப்போதுதான் போன் அடித்தது. அஸ்வதி.

"எனக்குப் பசிக்கி."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு நாளாக அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

"என்ன வேணும்? சொல்லு."

"பொடியரிசிக் கஞ்சி. கேன்டீன் அக்கா வச்சுத் தருவா. நீங்க அரிசி மட்டும் வாங்கிட்டு வாங்க."

"கடை எல்லாம் அடச்சாச்சேட்டி."

"பின்னால சந்துல ஒரு கடை தொறந்திருக்கு. அங்க வாங்குங்க."

லைன் அறுந்தது.

அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும். பசிக்கிறது என்று அவள் சொன்னதே எனக்குப் போதுமாக இருந்தது.

கம்போளத்துக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டும். இரண்டு பக்கமும் நல்லமிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக அடுக்கிய கிட்டங்கிகள். அதற்குள் நான் ஆயிரம் தடவை போயிருப்பேன். உள்ளே நுழைந்தால் மிளகு நெடியில் தும்மல் வரும். மழைக்காலத்தில் நெடி இன்னும் கூடும்.

அன்று தும்மல் வரவில்லை.

பத்தடி போனபிறகுதான் உறைத்தது. மிளகு வாசம் இல்லை. சுக்கு வாசம் இல்லை. சாக்கடை நாற்றம்கூட இல்லை. மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சளி பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மனுஷன் தனக்குத்தானே இப்படி ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டுதான் எல்லா இடத்திலும் போய் மாட்டுகிறான்.

இன்னும் கொஞ்சம் நடந்தேன். தெருவில் முழங்காலுக்கு ஓடிய வெள்ளம் இங்கே இல்லை. தரை காய்ந்து கிடந்தது. மழைச் சத்தம் மட்டும் மேலே கேட்டது.

பிறகு இன்னொரு சத்தம்.

சர்ர்ர்...

அரிசி கொட்டும் சத்தம். நின்றது. மறுபடியும்...

சர்ர்ர்...

சந்து திரும்பும் இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. ஒரு கடை. பலகைக் கதவு வைத்த கடை. உள்ளே ஒரு அரிக்கேன் விளக்கு. நடுவில் அரிசி மலைபோலக் குவிந்து கிடந்தது. அதற்குப் பின்னால் ஒருவர் தலையில் துவர்த்துத் துண்டைப் போட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். கையில் படி. அரிசியை அள்ளினார். திரும்ப அதே குவியலிலேயே கொட்டினார். அள்ளினார். கொட்டினார்.

"பொடியரிசி இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு."

"ரெண்டு படி வேணும்."

"ஆஸ்பத்திரிக்கா?"

"ஆமா."

"எட்டு மாசமா?"

தெரிந்தவராக இருக்கும், மாமா சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்க்கக் குனிந்தேன். விளக்கு அவருக்கு முன்னால்தான் இருந்தது. ஆனாலும் துவர்த்துக்குக் கீழே இருட்டாகவே இருந்தது.

அவர் காகிதத்தை விரித்தார். படியில் அரிசியை எடுத்தார். விரலால் தலைதட்டினார். தூக்கினார்.

"ஒண்ணு..."

சாவு வீட்டுக்கு அளக்கும் கணக்கு.

படி சாயப் போனது. அரிசி இன்னும் விழவில்லை. நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

எலும்பு தட்டவில்லை.

அரிசி மூட்டையில் கை வைத்ததுபோல விரல்கள் உள்ளே இறங்கின...

கையை உதறி எடுத்தேன். கத்தினேன்.

"லாபம்னு சொல்லும்!"

அவர் படியை அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. குரலில் ஒரு அலுப்பு மட்டும்.

"சொல்லலாம். எனக்குக் கை தளந்து போச்சு. ஒருபாடு காலமா அளக்குதேன். அளக்க ஒரு ஆளு வேணும்."

"அவளுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது. பிள்ளைக்கு ஒண்ணும் ஆவக் கூடாது. லாபம்னு சொல்லும்."

"ஆளு தருவியா?"

"சரி."

"சரிதானா?"

"சரி... சரி! சொல்லும்!"

கடைத்தெருவில் வளர்ந்தவன் நான். கம்போளத்தில் சரி என்று ஒரு சொல் விழுந்துவிட்டால் வியாபாரம் முடிந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. அப்பேர்ப்பட்ட சொல்லை நான் மூன்று தடவை சொன்னேன்.

அவர் படியைக் குவியலில் கவிழ்த்தார். புதிதாக அள்ளினார். அப்போதுதான் முகத்தைத் தூக்கினார். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

"சொல்லட்டா?"

தலையை ஆட்டினேன்.

"லாபம்..."

சர்ர்ர்...

"ரெண்டு..."

சர்ர்ர்...

கையில் பொட்டலம் வந்து உட்கார்ந்தது. ஓடினேன்.

சந்தைத் தாண்டித் தெருவில் கால் வைத்ததும் முழங்கால் வரை வெள்ளம். கூடவே மிளகு நெடி மூக்கில் அடித்தது. நின்று தும்மித் தீர்த்தேன். அந்தத் தும்மலைப் போல ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

எதிரே ததேயுஸின் ஆட்டோ வெள்ளத்தைத் தள்ளிக்கொண்டு வந்தது.

"எங்கலே போன? போன் அடிச்சு அடிச்சு எனக்க கை ஒடிஞ்சு போச்சு!"

"என்ன?"

"ஒனக்க பொண்டாட்டிய ஆப்பரேஷன் தியேட்டருக்குள்ள கொண்டு போயாச்சு. ஏறு மக்கா, ஏறு!"

ஆஸ்பத்திரி மாடிப்படியில் எத்தனை தடவை வழுக்கி விழுந்தேன் என்று தெரியாது. வராந்தாவில் தங்கப்பன் மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிரீனா என்ற நர்ஸ் வெளியே வந்தாள். முகமெல்லாம் வியர்வை. சிரித்தாள்.

"பொம்பளப் பிள்ள. சின்னப் பிள்ளையாக்கும், கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்கு. அக்காவுக்கு ஒண்ணும் இல்ல."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிரீனாவும் குனிந்து என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, எடுக்கும்போ பிள்ளைக்குத் துடிப்பே இல்ல. டாக்டர் எல்லாம் செய்து பாத்துட்டுக் கைய விட்டாச்சு. துணியில சுத்தப் போனேன். அப்போ தானா அழுதுது."

"எப்போ?"

"ஆறு முப்பத்தஞ்சு."

மறுநாள் காலையில் அஸ்வதியைப் பார்க்க விட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சநேரம் கழித்து, கஞ்சி கேட்டாயே, இன்றைக்கு வைத்துத் தரச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"எப்போ கேட்டேன்?"

"நேத்து சாயங்காலம். போன்ல."

"அஞ்சு மணிக்கே வலி வந்தாச்சு. போன் அப்பா கையில இருந்துது. நான் உங்களக் கூப்பிடவே இல்லயே."

மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஆமாம் என்று தலையாட்டினார். என் போனைத் திறந்து பார்த்தேன். ததேயுஸ் அடித்த பன்னிரண்டு அழைப்பும் இருந்தது. அவள் அழைப்பு இல்லை.

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ராஜையன் அண்ணாச்சியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் சந்தில் அரிசிக்கடை கிடையாது என்று அவர் சொல்ல வேண்டியதே இல்லை. எனக்கே தெரியும். காலையில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். சந்து திரும்பும் இடத்தில் கிட்டங்கிச் சுவர்தான் இருக்கிறது.

அண்ணாச்சி பொட்டலத்தைத் தொடவில்லை.

"என்னமும் கேட்டாரா?"

"அளக்க ஆளு வேணும்னாரு."

"நீ என்ன சொன்ன?"

அவர் கண் என்னை விட்டு நகரவில்லை.

"ஒண்ணும் சொல்லல்ல" என்றேன்.

அவர் நீளமாக மூச்சு விட்டார். "நல்லது. அரிசியக் கொண்டு போய் ஓடுற வெள்ளத்துல விடு. திரும்பிப் பாக்காம வா."

அப்படியே செய்தேன்.

பிள்ளைக்கு அபினா என்று பேர் வைத்தோம். ஆளூரில் எங்கள் வீட்டுக்குத் தங்கப்பன் மாமாவும் பேத்திக்காகவே குடிவந்துவிட்டார். வீடு முழுக்கச் சிரிப்பு. அஸ்வதி குண்டானாள். நான் அந்த இரவை மெதுவாகக் கழற்றி வைத்தேன். அதை ஒரு கதையாக ஆக்கிச் சொல்லலாமா என்றுகூட ஒருநாள் நினைத்தேன். வாய் வரவில்லை.

போன வருஷம் அபினாவுக்கு இரண்டரை வயது. முற்றத்தில் மணலைக் குவித்துச் சிரட்டையால் அள்ளி அள்ளிக் கடை வைத்து விளையாடினாள். பொம்மைக்கு அரிசி போட்டாள்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. ஆனால் வீட்டில் நான் எப்போதும் கடைத்தெருவைப் பற்றிப் பேசுகிறவன்தானே, எங்காவது கேட்டிருப்பாள் என்று விட்டுவிட்டேன். மறுபடியும் ஒரு சமாதானம்.

பக்கத்து வீட்டு நேசபாய் அக்கா வேலி வழியாக எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அபினா என்றால் உயிர்.

"ஏ வியாபாரி, எனக்கும் ரெண்டு படி போடு."

அபினா அவளை நிமிர்ந்து பார்த்தாள். சிரட்டையில் மணலை அள்ளினாள். விரலால் தலைதட்டினாள்.

"ஒண்ணு..."

ஒன்பது நாள் கழித்து, மார்த்தாண்டத்தில் ரோட்டைக் கடக்கும்போது நேசபாய் அக்காவை ஒரு லாரி தட்டிவிட்டது. அழுதோம். அடக்கத்துக்குப் போய் வந்தோம். எனக்கு அப்போதும் எதுவும் தோன்றவில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை.

இந்த வருஷம் தை மாதம். மாமா முற்றத்தில் பேத்திக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"பாட்டாவுக்கு அரிசி போடு மக்கா."

சிரட்டை நிறைந்தது. தலைதட்டினாள்.

"ஒண்ணு..."

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். "அபினா, லாபம்னு சொல்லு மக்கா. லாபம்னு சொல்லு." மாமா சிரித்தார். "பிள்ள ஒண்ணு ரெண்டு படிக்கட்டும், விடும்" என்றார்.

அபினா என்னைப் பார்த்தாள்.

"ஆளு வேணும் அப்பா."

நான் என்ன சொல்ல முடியும்? யாரைச் சொல்ல முடியும்? அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். நான் பிடித்திருந்த அவளுடைய சின்ன மணிக்கட்டு...

விரல்கள் உள்ளே இறங்கியிருந்தன.

அவள் மணலைக் கொட்டினாள். "ரெண்டு..." என்றாள்.

ஆறாவது நாள் காலையில் மாமா எழுந்திருக்கவில்லை. ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாத மனுஷன்.

மாமாவின் சாவுச் சடங்கான அடியந்திரத்துக்கு அரிசி வாங்க நான்தான் கோட்டாற்றுக்குப் போனேன். ராஜையன் அண்ணாச்சி படியை எடுத்தார். ஒண்ணு என்று தொடங்கினார். அளந்து முடித்துப் பையைக் கட்டும்போது, ஏதோ பேச வேண்டுமே என்று பேசுவதுபோலச் சொன்னார்.

"மழை நாள்ல அந்தப் பின் சந்துல அரிசி அளக்குற சத்தம் கேக்கும், தெரியுமா? எனக்க அப்பா காலத்துல இருந்தே கேக்கும். நாங்க ஆரும் அதப் பத்திப் பேசமாட்டோம். நீ வந்து சொன்னதுக்குப் பொறவு ஒருநாள்கூட அந்தச் சத்தம் இல்ல. மூணு மழைக்காலம் போயாச்சு."

பையை என் தோளில் தூக்கி வைத்தார்.

"நீ ஒண்ணும் சொல்லல்லதானே, வினோஜ்?"

பையைச் சுமந்துகொண்டு தெருவில் இறங்கினேன்.

அபினாவின் சிரட்டையை எரித்தேன். முற்றத்துக்கு சிமென்ட் போட்டேன். அஸ்வதி என்னைப் பைத்தியம் என்றாள். அவளிடம் நான் எதையும் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது? பிள்ளை வேண்டும் என்று பிள்ளையைக் கொடுத்தேன் என்றா?

அஸ்வதிக்கு இப்போது மறுபடியும் ஐந்தாம் மாதம். ஸ்கேனில் எல்லாம் நல்லபடி. வயிற்றைத் தடவித் தடவிச் சிரிக்கிறாள். இந்தத் தடவை பயமே இல்லையாம்.

நேற்று சாயங்காலம் நல்ல மழை. கரண்ட் போனது. அடுக்களையில் அஸ்வதி சாளை மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளறையில் இருந்தேன். எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டது.

வாசம் வரவில்லை.

மூச்சை இழுத்தேன். இழுத்து இழுத்துப் பார்த்தேன்...

ஒன்றும் இல்லை.

எழுந்து ஓடினேன்.

அடுக்களைத் தரையில் அபினா உட்கார்ந்திருந்தாள். அரிசி வாளி திறந்து கிடந்தது. கையில் டம்ளர். அஸ்வதி மெழுகுவர்த்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பாருங்க, உங்க மோளுக்க வேலைய. வயித்துல இருக்குற பாப்பாவுக்கு அரிசி போடுதாளாம்."

டம்ளர் நிறைந்திருந்தது. விரலால் தலைதட்டினாள்.

தூக்கினாள்.

அம்மாவைப் பார்க்கவில்லை. வயிற்றையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். மெழுகுவர்த்தி அவள் முகத்துக்கு நேராகத்தான் இருந்தது. ஆனாலும் முகம் இருட்டாகவே இருந்தது.

"ஆளு தருவியா அப்பா?"

அஸ்வதி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

டம்ளர் சாய்ந்தது...

"சொல்லட்டா?"